விலாஸ்: ஒரு பெயர்ப்பலகையின் பூர்வீகம்

அரிமளத்துக்குப் போகிறவர் கொஞ்சம் தாராளமாகச் செலவழித்துத் தங்க நினைத்தால், திருமயம் பக்கத்தில் கடியாபட்டி இருக்கிறது. நூறாண்டு கடந்த நகரத்தார் வீடு ஒன்று அங்கே சொகுசு விடுதியாக மாறியிருக்கிறது. அதன் அஞ்சல் முகவரி: சிதம்பர விலாஸ், டி.எஸ்.கே. ஹவுஸ், ராமச்சந்திரபுரம், கடியாபட்டி. இந்த ஒற்றை வரியில் ‘விலாசம்’ என்ற சொல் மூன்று வேடத்தில் நிற்கிறது. வீட்டின் பெயர் ஒரு விலாசம். டி.எஸ்.கே. என்ற எழுத்துகள் இன்னொரு விலாசம். வரி முழுவதும் மூன்றாவது விலாசம். கேளிக்கையைக் குறித்த வடசொல் ஒன்று கடன் பத்திரத்துக்கும் தபால் உறைக்கும் வந்து சேர்ந்த கதை இது.

வடமொழியில் ‘லஸ்’ என்ற வேருக்கு ஒளிர்தல், விளையாடுதல் என்று பொருள். உல்லாசம், லாசியம், விலாசம் மூன்றும் அதில் பிறந்த உடன்பிறப்புகள். விலாசினி என்றால் ஒயிலும் குலுக்கும் உள்ளவள். பத்திரிகைகள் ‘உல்லாச விடுதி’ என்று எழுதும்போதும், கடியாபட்டிக்காரர் ‘விலாஸ்’ என்று பலகை வைக்கும்போதும் ஒரே வேரைத்தான் தொடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லின் பழைய இருப்பிடங்களில் ஒன்று கள்ளுக்கடைத் தெரு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் ‘மத்தவிலாசம்’. குடித்த காபாலிகன் ஒருவன் துணைவியோடு காஞ்சித் தெருக்களில் தள்ளாடுகிறான். கையிலிருந்த கபாலம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவிமேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிப் போனது நாய். தன் விருதுப்பெயர்களில் ஒன்றையே அந்தக் கூத்துக்கு வைத்தான் அரசன். இந்தத் துணிச்சல் பிற்கால அரசர்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

நாடகத்தோடு ஒட்டிய சொல் அங்கேயே வெகுகாலம் தங்கிவிட்டது. தமிழில் விலாசம் என்பது ஒரு நாடக வகையின் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் எழுதிய ‘டம்பாச்சாரி விலாசம்’ தாசி மோகத்தில் சொத்தைத் தொலைத்த பணக்காரனின் கதை. வெட்டிப் பகட்டுக்காரனை இன்றும் டம்பாச்சாரி என்கிறோமே, அந்தப் பெயரை ஊர் வாயில் போட்டதில் இந்த நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1877இல் ராமசாமி ராஜுவின் ‘பிரதாப சந்திர விலாசம்’ வந்தது. 1891இல் வந்த ‘மனோன்மணீயம்’ அந்த ஒட்டைத் தூக்கிச் சுமக்கவில்லை. அதில் வரும் சுந்தர முனிவர், ஆசிரியர் சுந்தரம் பிள்ளை தம் குருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை நினைத்துப் படைத்த பாத்திரம். தொடக்கத்தில் சொன்ன அரிமளத்தில்தான் அந்தச் சுவாமிகளின் சமாதி இருக்கிறது.

ஆட்டபாட்டத்தைக் குறித்த சொல் கடிதத்தின் முகத்துக்கு எப்படி வந்தது? மலையாளத்தில் மேல்விலாசம், கன்னடத்தில் விளாச, தமிழில் இரண்டும். ஆக, இது ஒரு மொழிக்குள் மட்டும் நடந்த சறுக்கல் இல்லை. பழைய கடிதங்களில் பெறுநர் பெயருக்கு முன்னால் பட்டமும் புகழும் அடுக்கி எழுதுவது வழக்கம். மடித்த ஓலையின், தாளின் மேற்புறத்தில் தெரிந்த அந்த அலங்காரமே ‘மேல்விலாசம்’ ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். ‘முகவரி’ பரவிய பிறகு விலாசம் தாத்தாக்களின் சொல்லாக ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரே இடத்தில் மட்டும் அந்தச் சொல் தன் ஆட்டத்தை முற்றிலும் விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தது: நகரத்தார் கடைகளில். அவர்களுக்கு விலாசம் என்றால் பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொழிற்பெயர். எம்.எஸ்.எம்.எம்., ஏ.எல்.ஏ.ஆர். என்பவை அத்தகையவை. ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருக்கும் ஏஜெண்டு, உண்டியலிலும் கடன் பத்திரத்திலும் தன் பெயருக்கு முன்னால் முதலாளியின் விலாசத்தைப் போட்டுத்தான் கையெழுத்திடுவார். அந்த எழுத்துகள் இருந்தால் பணம் புரளும். இல்லாவிட்டால் அது வெறும் ஆள் பெயர். சென்னை, ரங்கூன் நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘விலாசம்’ மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. பங்காளிகள் பிரிந்தால் சொத்தோடு விலாசமும் கிளைவிடும், ஓர் எழுத்து கூடும். முன்பின் தெரியாதவரிடம் “விலாசம் என்ன?” என்று கேட்பது தெருவையும் கதவு எண்ணையும் விசாரிப்பதாக இருக்காது. யார் வீட்டுப் பிள்ளை, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அதில் இருக்கும்.

வீடுகளும் அந்தக் கணக்கில்தான் எழுந்தன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளும் வீட்டில், வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்துக்கும் உரியவை. சீர்வரிசைச் சாமான்களை வைத்துப் பூட்ட, விசேஷத்துக்குக் கூட என்று கட்டியவை. படுத்துறங்கும் சுகம் அந்தத் திட்டத்தில் கடைசிதான். இன்று பயணி ஏசி போட்டுப் படுப்பது இப்படிப்பட்ட வீடுகளில். கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்த வீட்டின் பெயர் சாரதா விலாஸ். காரைக்குடியில் எம்.எஸ்.எம்.எம். குடும்பத்து விடுதி, விலாஸ் எல்லாம் வேண்டாம் என்று ‘பங்களா’ என்றே நிற்கிறது. அது வங்காளத்துப் பாணி வீட்டைக் குறித்துப் புறப்பட்ட சொல்.

சாப்பாட்டுக் கடைப் பலகைக்கு ஏறியபோது விலாசம் ‘அம்’மை உதிர்த்து ‘விலாஸ்’ ஆனது. கும்பகோணத்தில் மங்களாம்பிகா விலாஸ் காபி. 1937இல் காரியாபட்டியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ். திண்டுக்கல்லில் அங்குவிலாஸ் புகையிலை. கரூரில் 1926இல் பிறந்து 2020இல் வேறு வங்கியில் கரைந்த லட்சுமி விலாஸ் வங்கி. சாமி பெயரை முன்னால் போட்டுவிட்டால் எந்தச் சரக்கும் விலாஸ் ஆகிவிடும். வடக்கே ஓபராய் குழுமம் ராஜ்விலாஸ், அமர்விலாஸ், உதய்விலாஸ் என்று அரண்மனை விடுதிகளுக்கு அதே ஒட்டை மாட்டியது. முனியாண்டிக்கும் உதயப்பூருக்கும் ஒரே ஈற்றுப்பெயர்!

இந்த விடுதிகளுக்கு ஒட்டும் இன்னொரு சொல்லையும் விடமுடியவில்லை. ‘பூட்டிக்’ என்பது பிரெஞ்சில் கடை. அதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் சரக்கறை. நகரத்தார் சரக்கறைக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கு விட்டவர்கள் இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். அவை இடிபட்டு இப்போது அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. நடந்து போகிற தூரத்தில் போட் கீ என்னும் ஆற்றங்கரை. அங்கே பழைய கடைவீடுகளில் கீழே மதுக்கூடம், சிலவற்றில் மாடியில் பூட்டிக் ஹோட்டல். நள்ளிரவிலும் கூட்டம் கலைவதில்லை. மகேந்திரவர்மன் பார்த்திருந்தால் காபாலிகனை அங்கேயே இறக்கிவிட்டிருப்பான்.