விரிந்த கதிர்மூலங்களும் கவசக் கணக்கும்

கதிரியக்கப் பொருள் ஒரு புள்ளியில் அடங்காமல் குழாய், தட்டு, தொட்டி எனப் பரவியிருந்தால் அது விரிந்த கதிர்மூலம். கவசச் சுவருக்கு அப்பால் நிற்பவர் அதனால் ஏற்கும் கதிர்வீச்சைக் கணிப்பது அணு உலை வடிவமைப்பின் அடிப்படை வேலை.

தமிழ்நாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கல்பாக்கம். 1985 அக்டோபரில் அங்கு இயங்கத் தொடங்கிய அதிவேக ஈனுலைச் சோதனை உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது திரவச் சோடியம். உலையின் உள்ளகத்தைக் கடக்கையில் அதில் ஒரு சிறு பகுதி நியூட்ரானை ஏற்று, 15 மணி நேர அரை ஆயுள் கொண்ட சோடியம்-24 ஆகிறது. அதன் காமா கதிர்களில் ஒன்றின் ஆற்றல் 2.75 மெகா எலக்ட்ரான் வோல்ட். சாதாரணச் சுவர் இதற்குப் போதாது. சோடியம் ஓடும் குழாய் நெடுகிலும் கதிர்மூலமே.

6 மீட்டர் நீளக் குழாயின் நடுப்பகுதிக்கு எதிரே, 1 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். கவசம் இல்லாத நிலையில், மொத்தக் கதிரியக்கமும் ஒரே புள்ளியில் இருந்தால் கிடைக்கும் அளவில் ஏறத்தாழ 42 சதவீதமே அவரை அடையும். 10 மீட்டருக்கு விலகினால் புள்ளி மூலத்துக்கு நூறில் ஒரு பங்காகக் குறையும். குழாய்க்கோ சுமார் 43-இல் ஒரு பங்காகவே குறையும். தள்ளி நின்றால் போதும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது.

இடையில் 30 செ.மீ. சுவர் எழுந்தால் கணக்கு மாறும். குழாயின் முனையிலிருந்து வரும் கதிர் சுவரைச் சாய்வாகக் கடப்பதால், அதற்கு அது ஏறத்தாழ 95 செ.மீ. தடிமன். முனைகளின் பங்கு வெகுவாகச் சுருங்கிவிடும். இந்தச் சாய்வைக் கணக்கில் கொள்வதே சுவீடனின் ரோல்ஃப் சிவெர்ட் பெயரால் வழங்கும் தொகையீடு. தொட்டியானால், உள்ளிருந்து வரும் கதிரைச் சோடியமே ஓரளவு விழுங்கிக்கொள்ளும். எனவே தொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புள்ளியாகக் கொண்டு கணினி கூட்டுகிறது.

சுவருக்குள் சிதறிய கதிர்களிலும் ஒரு பகுதி வெளியே வரும். அதை விட்டுவிட்டால் விடை குறைவாகவே வரும். தடித்த சுவரில் இந்தப் பிழை பன்மடங்காகும். இதற்கான பெருக்குக் காரணிகளைத் தொகுத்த 1991-ஆம் ஆண்டு அமெரிக்கத் தர அட்டவணையில், இந்திய அறிவியலாளர் டி. வி. கோபிநாத்தும் உடன் பணியாற்றியோரும் வளர்த்த ஆஸ்ஃபிட் கணிநிரலின் முடிவுகளும் இடம்பெற்றன. பெருமைக்குரிய இப்பணி தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை.

இப்படிக் கணித்த அளவு வரம்புக்குள் அடங்க வேண்டும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசிவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசிவெர்ட் என்பதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு.