மருந்தே சிறுநீரகத்துக்கு எதிரியான கதை

எங்கள் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் கால் வீங்கினால் முதலில் கை வைத்தியம், அடுத்து நாட்டு மருந்து, கடைசியில்தான் கோரிமேடு ஜிப்மர். ஆனால் சில நேரம் வீக்கத்துக்குக் காரணமே நாம் சாப்பிட்ட மருந்தாக இருந்தால்? அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக மேகநோய்க்குப் பாதரசம்தான் மருந்து. 1919-இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் (ஆம், நம்மைப் போல மாணவர்தான்!), பாதரச ஊசி போட்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீர் ஏராளமாகப் பிரிவதைக் கவனித்தார். அதன்பின் சுமார் நாற்பது ஆண்டுகள் உடலில் தேங்கிய நீரை இறக்கப் பாதரச மருந்துகள் பயன்பட்டன. அவற்றாலேயே சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கியது.

ஏன்? 1959-இல் அமெரிக்காவில் வால்டர் ஹைமன் எலிகளில் செய்த சோதனை வழி காட்டியது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரக வடிகட்டிச் சவ்வைத் தாக்குகிறது. இதில் ஒரு வகைக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் 'நெல்-1' என்ற புரதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-இல் அதைக் கண்டறிந்தனர்.

இனிதான் கதை நம் பக்கம் வருகிறது. 2022-இல் சென்னை நோயியல் மருத்துவர்கள், நெல்-1 நோயாளிகள் பலர் நாட்டு மருந்து உட்கொண்டதையும், அவற்றில் பாதரசம் இருந்ததையும் பதிவு செய்தார்கள். அடுத்து கேரளத்தின் கோட்டக்கல்லிலிருந்து இன்னொரு செய்தி. அங்கே இந்தச் சவ்வு நோய் வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றி கண்ட அந்தச் சிகிச்சை இன்று பலருக்கு வாழ்வு தருகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அப்படியிருந்தும் புதிய சிறுநீரகத்திலும் சவ்வு நோய் வருவதுண்டு. போதாக்குறைக்கு, சில மூலிகைகள் இரத்தத்தில் அந்த மாத்திரையின் அளவையே ஏற்றி இறக்கிவிடும்.

நாட்டு மருந்தெல்லாம் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுவதையும் பூசுவதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால் நட்டம் நமக்குத்தான். சிறுநீரில் நுரை நின்றால் அன்றே பரிசோதியுங்கள்.