ஹிஜாமாவும் சீனத்து ஊசியும்

ஹிஜாமாவும் சீனத்து அக்குபங்சரும் ஒரே மருத்துவத்தின் இரு கிளைகள் என்று கூறுவோர் இன்று நம்மிடையே பெருகியுள்ளனர். வரலாறு இக்கூற்றுக்குத் துணைநிற்கவில்லை.

இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா, இஸ்லாத்திற்கு முன்பே அரபு மண்ணில் வழக்கிலிருந்த வைத்தியமாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் இதனைச் செய்துகொண்டதாக ஸஹீஹுல் புகாரீயில் வருகிறது. அபூதைபா (ரலி) அவர்களுக்கு இதற்கென உணவுப்பொருள் கூலியாகக் கொடுக்கப்பட்டதும் அந்நூலில் உண்டு. ஸ்பெயினில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவீ, 30 பகுதிகள் கொண்ட தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில் சூடிடுதல், இரத்தம் வாங்குதல் ஆகியவற்றைக் கருவிகளின் படங்களோடு விளக்கினார். நம் சித்த வைத்தியர்களின் 32 புறமருத்துவ முறைகளிலும் கொம்புகட்டல், குருதிவாங்கல், அட்டைவிடல், சுட்டிகை என்பவை இடம்பெறுகின்றன. இவற்றை இன்னார் இன்னாரிடம் கற்றார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வலித்த இடத்தை உறிஞ்சவும் சுடவும் மனிதன் எங்கும் தானே அறிந்துகொண்டான்.

சீனத்தின் தனித்தன்மை ஊசியில் இருக்கிறது. உடலில் ‘ச்சி’ என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகள் உள்ளன. அவற்றின் புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செருகினால் ஓட்டம் சீராகும் என்பது அவர்களின் கொள்கை. அதே புள்ளிகளில் மாசிபத்திரி இனத்து இலையைக் கொளுத்தி வெப்பமூட்டுவதும் உண்டு.

இந்த மருத்துவம் முஸ்லிம் உலகின் வாசலுக்கே ஒருமுறை வந்தது. தப்ரீஸில் இல்கானிய மங்கோலியரின் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன் ஃபள்லுல்லாஹ், சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்து, ஹிஜ்ரி 713-இல் (1313) ‘தன்ஸூக்நாமா’வை உருவாக்கினார். இஸ்தான்பூலின் அயா சோபியா தொகுப்பில் எஞ்சியிருக்கும் பகுதி பெரிதும் நாடி பார்த்தலைப் பற்றியது. இப்னு ஸீனாவைப் பயின்றவர்களுக்கு நாடி பழகிய கலை, ஊசியோ அந்நியம். 1318-இல் ரஷீதுத்தீன் கொல்லப்பட்டார். யூனானி மருத்துவத்தில் ஹிஜாமா நிலைத்தது, ஊசி நுழையவில்லை.

இந்தியாவுக்கு அது வேறு வழியில் வந்தது. 1938-இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவின் ஐவருள் ஒருவரான பிஜோய் குமார் பாசு, பின்னர் மீண்டும் அங்கு சென்று ஊசி மருத்துவம் கற்று, 1959-இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார்.

ஊசி வலியை எவ்வாறு தணிக்கிறது? தோலிலும் தசையிலும் எழும் தூண்டல், முதுகுத்தண்டில் வலிச்செய்தியின் வழியை அடைக்க இயலும் என்று மெல்ஸாக், வால் இருவரும் 1965-இல் விளக்கினர். அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பயனும் குறைவதாக 1977-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அதாவது, உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலிநீக்கிகளுக்கு இதில் பங்குண்டு.

ஆனால் 2007-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு நம்மை நிதானிக்கச் செய்கிறது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரில், ஆறு மாதங்களுக்குப் பின் முறையான ஊசியால் 47.6 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியதால் 44.2 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். வழக்கமான சிகிச்சையில் இது 27.4 மட்டுமே. ஊசி பயன்தருகிறது, புள்ளிகளின் வரைபடமோ அவ்வளவாக உறுதிப்படவில்லை. கவனிப்பும் எதிர்பார்ப்பும்கூட வேலை செய்திருக்கலாம்.

ஹிஜாமாவின் உறிஞ்சலும் கீறலும் இதே நரம்பு வழிகளைத் தூண்டக்கூடும். எனினும் அதன்மீதான ஆய்வுகள் இன்னும் வலுக்குறைந்தவை. இதைச் சொல்வது ஹதீஸை மறுப்பதாகாது. நபியவர்கள் ஷரீஅத்தைக் கற்பிக்கவே அனுப்பப்பட்டார்கள், ஹதீஸில் வரும் வைத்தியம் அரபுகளின் வழக்கத்தைச் சேர்ந்தது என்று இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் எழுதியுள்ளார். இப்னுல் கய்யிம் போன்றோர் நபிவழி மருத்துவத்தை இதனினும் உயர்வாக மதித்தவர்கள். இரு சாராரில் எவரை ஏற்பினும், ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் நடவுக்குக் குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியவை சில உள்ளன: இரத்தசோகை உண்டா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்கிறாரா, கால் மரத்துப்போகிறதா என்பவை. கீறும் கத்தியும் ஒருவருக்கு ஒன்றாக, புதியதாக இருத்தல் வேண்டும்; மஞ்சள்காமாலைக் கிருமி பழைய கத்தி வழியே பரவும்.