சின்னத் தறிகளின் பேட்டை

ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் தேடுவது நம்மில் பலருக்கு உவப்பான வேலை. ஆனால் காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கிறோம். பெயருக்குள் இருக்கும் மனிதர்கள் வெளிவருவதேயில்லை. அவர்களைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நண்பர்கள் நால்வர் சிந்தாதிரிப்பேட்டைக்குச் சென்றோம்.

பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் எங்களை வரவேற்றது கூவத்தின் நாற்றம். இந்த ஆறுதான் இப்பேட்டை பிறக்கக் காரணம் என்றால் இன்று நம்புவது கடினம். 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு நெசவாளர் குடியிருப்பை உருவாக்கியது. கப்பலேற்றத் துணி வேண்டும். தறிக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1719 வாக்கில் ஆளுநர் காலெட்டின் பெயரால் காலடிப்பேட்டை எழுந்ததும் இதே தேவையால்தான். இங்கே துணி வெளுக்க ஆற்றுநீர் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்ய மரநிழலும் இருந்தது.

அந்த மரங்கள் சுங்குராமச் செட்டியின் தோட்டத்து மரங்கள். ஒரு காலத்தில் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து, பின்னர் செல்வாக்கு இழந்தவர் அவர். செல்வாக்குப் போனபின் தோட்டமும் போயிற்று. அதில் எழுந்த சின்னத் தறிப் பேட்டை, மக்கள் நாவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று.

யார் இங்கே குடியேறலாம் என்பதையும் கம்பெனியே வரையறுத்தது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர்; இவர்களோடு கோயிலுக்கென அந்தணரும் தேவரடியாரும். கோயில் இல்லாத ஊரில் நெசவாளர் தங்கமாட்டார் என்பதை வணிகக் கம்பெனி நன்றாக அறிந்திருந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அருகருகே நிற்பதைப் பார்த்தபோது, பக்தியோடு ஒரு கணக்கும் அங்கே வேலை செய்திருப்பது எங்களுக்குப் புலப்பட்டது.

ஐயா முதலி தெரு, சாமி நாயக்கன் தெரு, அருணாசல நாயக்கன் தெரு என்று நடந்தோம். நெசவாளர் ஊர்களில் பாவு விரிக்கத் தெருவே களமாகும். இங்கே பாவும் இல்லை, தறியோசையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்து கைத்தறியின் வாழ்வைக் குலைத்தது. ஞாயிற்றுக்கிழமையின் ஆரவாரமெல்லாம் இன்று மீன் சந்தையில்தான். ஆளுநர் நேப்பியரின் பெயர் தாங்கியிருந்த பூங்கா இப்போது மே தினப் பூங்கா. உழைப்பவருக்கு இப்பேட்டையில் பெயரளவிலேனும் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது.

திரும்பும் வழியில் மீண்டும் ஆற்றங்கரையில் நின்றோம். 2015 வெள்ளத்திற்குப் பின் கூவக் கரைகளில் வாழ்ந்த ஏராளமான குடும்பங்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ள அபாயம் உண்மை. ஆறு தூய்மை பெறவேண்டியதும் உண்மை. ஆயினும் வேலையும் பள்ளியும் இங்கேயிருக்க, வீடு மட்டும் பல கல் தொலைவுக்குப் போவதன் துயரமும் உண்மையே.

1734இல் கைகள் தேவைப்பட்டன. தோட்டத்தைப் பறித்தேனும் ஆற்றங்கரையில் இடம் கொடுத்தார்கள். இன்று கரை தேவைப்படுகிறது. கைகளைத் தொலைவில் கொண்டுபோய் வைக்கிறார்கள். குடியேற்றத்திலும் வெளியேற்றத்திலும் அந்தக் கைகளுக்குரியவர்களின் விருப்பத்திற்கு எவ்வளவு இடமிருந்தது என்ற கேள்வியோடுதான் ரயிலேறினோம்.