கமலாவின் பாதங்கள்

எங்கள் காரைக்குடிக்காரர் ஏவி. மெய்யப்பச் செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த படம் 'நாம் இருவர்'. 1947-இல் வெளிவந்தது. சின்னப் பெண்ணாக இருந்த குமாரி கமலா பாரதியார் பாட்டுகளுக்கு ஆடிய நடனந்தான் அதன் உயிர்.

அக்காலப் படச்சட்டம் ஏறத்தாழ 4:3. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு லூமியேர் சகோதரர்கள் பள்ளிநாளிலேயே பழக்கம். அவர்கள் 1895-இல் பாரிசில் காட்டிய படங்களும் ஏறக்குறைய அதே அளவுதான். தமிழில் சினிமாஸ்கோப் வந்தது 1973-இல், 'ராஜராஜ சோழன்' படத்தில்.

இன்றைய எச்.டி. டிவியோ 16:9. அதில் பழைய படம் போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். என் பேரன் உடனே 'ஜூம்' போடுவான். திரை நிரம்பும், ஆனால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கு போய்விடும். நாட்டியத்தில் பாதம் போனால் மிச்சம் என்ன? பக்கவாட்டில் இழுத்தாலோ எல்லாரும் குண்டாகிவிடுவார்கள்.

35 மி.மீ. நெகட்டிவ் நன்றாக இருந்தால், பழைய டிவியின் 576 கோடுகளில் தெரியாத நுணுக்கமெல்லாம் 1080 கோடுகளில் தெரியும். அவ்வளவு தெளிவு கிடைத்தும் பாதத்தை இழப்பானேன்? சேனல்காரர்களே வெட்டி ஒளிபரப்பினால் நம் ரிமோட்டால் ஆவது ஒன்றுமில்லை. நம் கையில் உள்ளதையாவது செய்வோம். கறுப்புப் பட்டை டிவியின் கோளாறு அல்ல. படம் முழுசாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.