ஏட்டுச்சுவடி முதல் கோப்பு வரை: பாடம் மாறவில்லை என்று எப்படித் தெரியும்?



எஸ்.பி.எம். நெருங்கினாலே போதும், புலனக் குழுக்களில் பயிற்றிகளும் விடைப்பட்டிகளும் பறக்க ஆரம்பித்துவிடும். ஒருவர் தயாரித்த கோப்பு பத்துப் பேர் கைமாறி உங்களிடம் வந்து சேர்கிறது. அது அதே கோப்புதானா? நடுவில் யாராவது ஒரு விடையை மாற்றியிருந்தால்? பதிவிறக்கம் பாதியில் அறுந்திருந்தால்? கோப்பின் பெயர் அப்படியேதான் இருக்கும். இந்தச் சிக்கலுக்குக் கணினித் துறை கண்ட வழி செக்சம், அதாவது சரிபார்ப்புத்தொகை. ஆனால் இந்தக் கவலை கணினியைவிட மிகப் பழையது. நம் இலக்கிய வரலாற்றிலேயே அதன் தடம் இருக்கிறது.

எண்ணிக் காத்த காலம்

ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும்; பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுபவரின் கண் ஒரு வரி தாவும். இதற்குத் தொகை நூல்களின் அமைப்பே ஒரு காவலாக இருந்தது. ஐங்குறுநூறு ஐந்து புலவர்கள் ஆளுக்கு நூறாகப் பாடிய 500 பாடல்கள். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்தது. அதனால்தான் 129, 130 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை என்பதை அந்நூலின் பெயரே காட்டிக்கொடுக்கிறது. புறநானூற்றில் 267, 268 இல்லை. நற்றிணையில் 234 இல்லை.

அடியளவும் ஒரு காவல்தான். குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி. குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரண்டும் 9 அடியில் நிற்பதால் உடனே கண்ணில் படுகின்றன.

அந்தாதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வருவதால், நடுவில் ஒன்று விழுந்தாலும் வரிசை மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். ஐங்குறுநூற்றின் தொண்டிப்பத்தும் பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தும் இப்படி அமைந்தவை. மனப்பாடத்துக்கு உதவும் தொடை, பாடலுக்குக் காவலாகவும் நின்றது.

எண்ணிக்கை ஏமாறும் இடம்

சரி, எண்ணிக்கை ஒத்துப்போனால் போதுமா? போதாது. திருக்குறள் 133 அதிகாரம், 1330 குறள். இந்தக் கணக்கு மாறாமலே சொற்களில் பாடவேறுபாடு உண்டு. உரையாசிரியர்களுக்கிடையே அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையும் மாறுகிறது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். எண்ணிக்கை காட்டாத மாற்றத்தை அந்த ஒப்பீடுதான் காட்டியது.

தந்தியிலும் இதே குறை இருந்தது. செய்தியின் தலைப்பிலேயே சொற்களின் எண்ணிக்கையும் சேர்ந்து போகும். பெறுபவர் எண்ணிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பிக் கேட்பார். ஆனால் ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்திருந்தால் எண்ணிக்கை என்ன செய்யும்?

கடைசி இலக்கம்

ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் விண்ணப்பித்து 1960இல் காப்புரிமை பெற்ற முறையில், எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைக் கண்காணிக்கிறது. கடன் அட்டைகளில் இன்றும் அந்த முறைதான்.

உங்கள் மேசையில் உள்ள மலேசிய நூலைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் 978-967 அல்லது 978-983 என்று தொடங்கலாம். முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆம் இலக்கம். 978967123456 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 137; கடைசி இலக்கம் 3. ஓர் இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு பிடித்துவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களான 2, 7 இடம் மாறினால் பிடிக்காது; வேறுபாடு 5 ஆக இருந்தால் கணக்கு ஏமாந்துவிடும். பிறையில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் 955 என்று தொடங்கும் பட்டைக்குறியீடு கண்ணில் படும். அதற்கும் இதே கணக்குதான்.

64 எழுத்துக் கைரேகை

கோப்புக்கு ஓர் இலக்கம் போதவில்லை. ரொனால்டு ரிவெஸ்ட் 1991இல் எம்டி5 முறையை உருவாக்கினார். எவ்வளவு பெரிய கோப்பானாலும் 32 குறிகள் கொண்ட கைரேகை கிடைக்கும். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். ஆனால் 2004இல் சீனக் கணிதவியலர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 கைரேகை உள்ள இரு வேறு தரவுகளைக் காட்டிவிட்டார்கள். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் எஸ்எச்ஏ-1 முறைக்கும் அதையே செய்தன. இன்று நம்பத்தக்கது எஸ்எச்ஏ-256. அதன் கைரேகை 64 குறிகள்.

சரிபார்ப்பது கடினமல்ல. 7-ஜிப் உள்ள விண்டோஸ் கணினியில் கோப்பின்மேல் வலச்சொடுக்கினால் அதைக் கணக்கிடும் பட்டி வரும். தயாரித்தவர் கொடுத்த 64 குறிகளோடு ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கைரேகையை யார் கொடுத்தார்?

2016 பிப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட் தளத்தில் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைத் தீய நிரல் புகுத்திய கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். திட்டத்தினர் உண்மையான கோப்புகளின் கைரேகைகளை வெளியிட்டு ஒப்பிடச் சொன்னார்கள். இதில் நமக்கும் பாடம் உண்டு. கோப்பும் கைரேகையும் ஒரே கையிலிருந்து வந்தால், கோப்பை மாற்றத் தெரிந்தவருக்குக் கைரேகையை மாற்றவா தெரியாது? எனவே பயிற்றி தயாரிக்கும் ஆசிரியர் கோப்பைக் குழுவில் போட்டாலும், கைரேகையைத் தம் கட்டுப்பாட்டில் உள்ள வேறோர் இடத்தில் வெளியிடுவது நல்லது.

தமிழுக்கென்று ஒரு நுட்பமும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கைரேகை வேறு. ஆகவே கைரேகை பொருந்தவில்லை என்றால் கோப்பு மாறியிருக்கிறது என்று மட்டுமே பொருள். பாடம் தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

பொருந்தினாலும் பாடம் சரி என்று பொருளில்லை. குறளில் ஓர் எழுத்தைத் தயாரித்தவரே தவறாகத் தட்டியிருந்தால், செக்சம் அந்தத் தவற்றையும் பத்திரமாகக் காக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தவரோடு மெய்ப்புப் பார்த்தவரின் பெயரும் இடம்பெறுவது இதனால்தான் பொருள் நிறைந்தது.

மாணவர்களே, மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக வந்ததா? எண்ணிக்கை சொல்லும். மாறாமல் வந்ததா? கைரேகை சொல்லும். சரியாக இருக்கிறதா? அதை மூலநூலைத் திறந்து படிப்பவர்தான் சொல்ல முடியும். அடுத்த முறை ஒரு விடைப்பட்டியை முன்னனுப்பும் முன், இந்த மூன்றில் எதை நீங்கள் பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.