வாவிக்கரையின் பெயரறியா உடலங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நாடாவைப் போல நீண்டு கிடக்கும் மணற்றரையை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் அங்குள்ளோர் வழங்குவர். காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என எழுவான்கரையில் தொடரும் ஊர்கள் கல்முனை வரை செல்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களை ஒரே நெடுஞ்சாலை கோத்துச் செல்கிறது. அச்சாலையில் மறிக்கப்பட்ட பயணிக்கு இருமருங்கும் நீரே எல்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதற்கடுத்த யூலை 12ஆம் திகதி கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் மறித்து இறக்கப்பட்டனர். வணிகத்திற்குச் சென்று மீண்டவர்களும், ஹஜ் யாத்திரையை நிறைவேற்றி ஊர் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கொல்லப்பட்டுக் கடற்கரை மணலிற் புதைக்கப்பட்டனர் என்பது அவ்வட்டாரம் முழுவதும் அறிந்த செய்தி. ஆயினும் எத்தனை பேர் என்ற வினாவுக்கே ஒருமித்த விடை இல்லை. எழுபதை அண்மித்த தொகையொன்றும், அதன் இருமடங்கையும் விஞ்சும் தொகையொன்றும் வழங்கி வருகின்றன.

அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்துயரம் அளவிடற்கரியது. எனினும் அவர்களுடைய உடல்கள் உற்றார் கையிற் கிடைத்தன; குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்கஞ்செய்ய முடிந்தது. இன்னாரின் அடக்கத்தலம் இது என்று காட்டவும் முடிகிறது. குருக்கள்மடத்து மணலில் கிடப்போருக்கு அது வாய்க்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே மூன்று வார காலமே. ஆனால் இரு குடும்பங்கள் அடைந்த நிலைகளோ முற்றிலும் வேறானவை.

செப்டெம்பர் மாதத்தில் இதே நிலை தமிழ்க் குடும்பங்களுக்கும் நேர்ந்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் 5ஆம் திகதி படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் இருந்து படைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 184 பேர் கொல்லப்பட்டனர். ஒருவர் மட்டும் தப்பி வந்து நடந்ததைக் கூறினார். நீதிபதி பாலகிட்ணர் தலைமையில் பின்னர் அமைந்த ஆணைக்குழு வடக்குக் கிழக்கிற் காணாமற் போனோர் பற்றி விசாரித்தபோது இச்செய்திகள் சாட்சியங்களாகப் பதிவாயின.

பெயரறியாப் பிணம் என்றவுடன் பொதுவாக மனத்தில் எழும் காட்சி வேறு. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருடைய உடல் கிடைக்கிறது. அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1989ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலே தோட்ட நிலத்தைத் தோண்டிய தொழிலாளர் கம்பளத்திற் சுற்றிய எலும்புக்கூடொன்றைக் கண்டனர். அது பதின்பருவத்துப் பெண்ணொருத்தியுடையது என்று எலும்பை ஆராய்ந்தோர் கூறினர். மண்டையோட்டின் மீது களிமண்ணை அப்பி முகத்தை மீட்டுருவாக்கும் கலையில் வல்லவரான ரிச்சர்ட் நீவ், அவளுடைய முகத்தை வனைந்தார். அப்படத்தைக் கண்டோர் அவளை இனங்கண்டு பெயரைக் கூறினர். பல்வைத்தியரின் பதிவேடு அதற்குத் துணை நின்றது. பின்னர் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவைப் பெற்றோரின் மரபணுவோடு ஒப்பிட்டு உறுதி செய்தனர். எலும்பின் மரபணுவைக் கொண்டு கொலையுண்டவரை அடையாளங்கண்ட முதல் வழக்குகளுள் அது ஒன்று. அங்கே எலும்பு முன்னே வந்தது. பெயரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

வாவிக்கரையிலோ பெயர்கள் முன்னரே இருக்கின்றன. சத்துருக்கொண்டானில் அவை நினைவுத்தூபியிலே பொறிக்கப்பட்டுமுள்ளன. காத்தான்குடியின் வீடுகளில் எந்த வாகனத்தில் யார் ஏறினார் என்பது நினைவில் உண்டு. எந்த எலும்பு எவருடையது என்ற ஒன்று மட்டுமே தெரியவில்லை. ஆகவே இங்கு அடையாளங்காணல் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனையைத் தேடுவதன்று; இரண்டு பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்துவதாகும். ஒரு பட்டியல் மண்ணுக்குக் கீழே உள்ளது. மற்றையது உயிரோடிருக்கும் உறவினரின் உடம்பிலும் நினைவிலும் உள்ளது.

இந்தப் பொருத்தத்தின் ஆற்றலை வாவியின் தென்கோடியை அடுத்த கல்முனையே ஒருமுறை கண்டது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை மூடியது. கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டு வரப்பட்ட கைக்குழந்தை ஒன்று, அனுமதிப் பதிவேட்டின் எண்ணால் 81ஆம் இலக்கக் குழந்தை என்றே உலகெங்கும் அறியப்பட்டது. பலர் அதற்கு உரிமை கோரினர் என்ற செய்தி பரவியது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு ஆணையிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியிலே உண்மைப் பெற்றோர் யாரெனத் தெளிவாகிக் குழந்தை அவர்கள் கையிற் சேர்ந்தது. ஏழு வாரங்களில் ஐயம் தீர்ந்தது.

அதே அலையில் இறந்தோருக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோருமாக 35,000 பேர் வரையில் அழிந்தனர். வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே முகம் சிதைந்துவிடும். கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தால் உடல்கள் குழிகளிலே கூட்டமாகப் புதைக்கப்பட்டன. இயற்கை அனர்த்தத்தில் இறந்தவரின் உடலால் கொள்ளைநோய் தோன்றுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தார் எடுத்துரைத்தும், அந்த அச்சத்தை அகற்ற இயலவில்லை. ஒரு நிழற்படம், ஓர் இலக்கத்தகடு, ஒரு பல் அல்லது ஒரு கற்றை முடி என்பவற்றை எடுத்து வைத்துவிட்டுப் புதைத்திருந்தாலே பெரும்பாலோரின் பெயரைப் பின்னர் மீட்டிருக்கலாம்.

தாய்லாந்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குவது தகும். அங்கே இறந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருள் அந்நிய நாட்டு உல்லாசப் பயணிகள் பலர். முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் நிபுணர்கள் கூடி ஆராய்ந்தனர். வெளிநாட்டவரைப் பெரும்பாலும் பல்வைத்தியப் பதிவுகளும், தாய்லாந்து மக்களைப் பெருமளவிற்கு அடையாள அட்டைக்காகப் பதிந்த கைரேகையும் காட்டிக் கொடுத்தன. மரபணு அங்கே மூன்றாவது துணையாகவே நின்றது. வாவிக்கரைக் கிராமத்தவர் பல்வைத்தியரிடம் பதிவு வைத்திருப்பது அரிது; அக்காலத்து இலங்கை அடையாள அட்டையிற் கைரேகை இருக்கவுமில்லை. வெற்றிலைக் காவி, கட்டுவித்த பல், சிறுவயதில் முறிந்து பொருந்திய கையெலும்பு முதலியனவற்றைத் தாயும் மனைவியும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ஆகவே பிறநாடுகளிற் கடைசித் துணையாக நின்ற மரபணுவே இங்கு முதற்றுணை ஆகிறது.

குருக்கள்மடம் பற்றிய முறைப்பாடு 2014ஆம் ஆண்டிலேதான் நீதிமன்றம் வரை சென்றது. களுவாஞ்சிகுடி நீதவான் அவ்விடத்தை அகழுமாறு கட்டளையிட்டார். ஆனால் குறித்த காலத்தில் அகழ்வு நடைபெறாமல் ஒத்திவைக்கப்பட்டது. மனித எலும்பை மண்வெட்டியால் அள்ளி எடுத்தல் ஆகாது. தூரிகையும் சிறு கரண்டியுமாக ஓர் அடுக்கின் பின் ஓர் அடுக்காக மணலை நீக்க வேண்டும். ஒவ்வோர் எலும்பும் கிடந்த நிலையை வரைந்தும் படம் பிடித்தும் பதிய வேண்டும். ஓர் உடலின் விலா மற்றோர் உடலோடு கலந்துவிட்டால் பின்னர் பிரிப்பது பெரும்பாடு. சட்ட வைத்திய அதிகாரியோடு தொல்பொருளாய்வாளரும், மண்ணியல் அறிந்தோரும் உடனிருக்க வேண்டும்.

எலும்பு கிடைத்தாலும் அது எக்காலத்தது என்ற வினா முதலில் எழும். மன்னாரில் 2018ஆம் ஆண்டு சதொச கட்டடத்திற்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. காணாமற் போனோரின் உறவினர் நாடோறும் வேலியருகில் வந்து நின்றனர். சில மாதிரிகளை அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடத்திற்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்புச் செய்ததில், அவை பதினைந்தாம் நூற்றாண்டிற்கும் பதினேழாம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டன என்று 2019ஆம் ஆண்டு மார்ச்சில் விடை வந்தது. அம்முடிவை ஏற்காதோரும் உளர். எலும்பைச் சுற்றிக் கிடைக்கும் பொத்தான், நாணயம், செருப்பு, தோட்டா என்பவற்றைக் கவனமாகப் பதிவதன் இன்றியமையாமை அங்கே நன்கு புலனாயிற்று.

காலந்தாழ்த்துவதால் இரு பக்கத்திலும் இழப்பு உண்டு. உவர்நீர் மாரியில் ஏறியும் கோடையில் இறங்கியும் வரும் வெப்ப நாட்டு மணலில் மரபணு விரைந்து சிதையும். தொடையெலும்பும் பல்லும், உட்செவியைச் சூழ்ந்த கற்போன்ற எலும்பும் அதனை நெடுங்காலம் காக்க வல்லன. சத்துருக்கொண்டானிற் போல உடல்கள் எரியூட்டப்பட்டனவாயின் அந்த வாய்ப்பும் மிகச் சுருங்கிவிடும். மறுபக்கத்திலே, ஒப்பிடுவதற்கு வேண்டிய இரத்தத்தை உடையவர்கள் முதுமையடைந்து மறைகின்றனர்.

பொஸ்னியா நாட்டினர் இதனை உணர்ந்து வேறு வழியை மேற்கொண்டனர். 1995 யூலையில் சிறெப்ரெனிற்சாவிலே ஏறக்குறைய எண்ணாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். கொன்றோர் குழிகளைப் பின்னர் இயந்திரத்தாற் கிளறி எலும்புகளை வேறிடங்களுக்கு மாற்றியமையால், ஒருவருடைய எலும்பே பல குழிகளிற் சிதறிக் கிடந்தது. உடையையும் உடைமைகளையும் கொண்டு அடையாளங்காண முயன்ற ஆண்டுகளில் வேலை மிக மெதுவாகவே நகர்ந்தது. பின்னர் பல்லாயிரம் உறவினரிடமிருந்து இரத்தம் திரட்டி, அந்தத் தொகுப்போடு ஒவ்வோர் எலும்பையும் ஒப்பிடத் தொடங்கினர். 2001ஆம் ஆண்டு இறுதியில் முதற் பொருத்தம் கிடைத்தது. அதன்பின் ஆறாயிரத்துத் தொளாயிரம் பேர் வரையிற் பெயர் பெற்றனர். ஆர்ஜென்ரீனாவில் 1987ஆம் ஆண்டிலேயே, பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார் இறந்துபோகுமுன் அவர்களுடைய இரத்தத்தைக் காத்து வைப்பதற்காகச் சட்டத்தால் ஒரு தேசிய மரபணுக் களஞ்சியம் நிறுவப்பட்டது.

இலங்கையிலே 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஏற்பட்டது. ஒருவர் காணப்படவில்லை என்று அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழை வழங்கவும் அதே ஆண்டில் வழிசெய்யப்பட்டது. வங்கிக் கணக்குக்கும் காணி உறுதிக்கும் அச்சான்றிதழ் உதவும். ஆனால் கணவனின் இறப்பு உறுதியாகாத முஸ்லிம் பெண் இத்தா இருக்கும் நாளை எங்கிருந்து எண்ணுவாள்? இறந்த நாள் தெரியாத தந்தைக்குத் திதி கொடுக்க மகனுக்கு வழியேது? மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தத்தில் ஆடி அமாவாசையன்று மூழ்குவோருள், திதி அறியாமல் அந்த ஒரு நாளையே கைக்கொண்டோரும் உளர்.

மட்டக்களப்பு நாட்டிற்கே உரிய ஒரு வழக்கம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி வகுப்பர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். மணமானபின் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களுக்கே செல்லும். ஆகையால் தாயும் சகோதரிகளும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்த வேலியிலோ இருப்பர். மரபணுவிலும் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் பகுதி ஒன்று உண்டு. ஓர் உயிரணுவில் அதன் பிரதிகள் மிகப் பல ஆதலால், பழைய எலும்பிலும் அதுவே இலகுவிற் கிடைக்கும். தாய் இறந்துவிட்டாலும் சகோதரியிடமும் சகோதரியின் பிள்ளைகளிடமும் அது மாறாமல் நிற்கும்.

இதில் ஒரு சிக்கலும் இல்லாமலில்லை. ஒரே தாய்வழியில் வந்த இருவர் ஒரே குழியிற் கிடந்தால் அப்பகுதி அவர்களைப் பிரித்துக் காட்டாது. ஒரே ஊரவர் ஒன்றாகப் பயணஞ்செய்த வாகனங்களில் மாமனும் மருமகனும், அண்ணனும் தம்பியும் இருந்திருக்கக் கூடும். அவர்களை வேறுபடுத்தத் தந்தைவழி வரும் பகுதியும், உயிரணுக் கருவிலுள்ள ஏனைய பகுதிகளும் வேண்டும். அதற்குப் பெற்றோரின் இரத்தமோ, மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து கொடுக்கும் இரத்தமோ வேண்டும். அகழ்வு தொடங்கும் நாள்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விரல்நுனியிற் குத்தி எடுத்த சில துளிகளை உரிய அட்டையில் உலர்த்தி, பெயரும் உறவும் எழுதி, ஈரம் படாமல் வைத்தால் பல்லாண்டு கெடாது. 1990ஆம் ஆண்டில் இருபது வயது மகனைப் பறிகொடுத்த தாய்மாருள் எஞ்சியிருப்போர் இப்போது எழுபதைக் கடந்தவர்கள்.